உரிமைக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள்: எர்த்சீ நாவல்களோடு என் அனுபவம்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ என்னும் மிகுபுனைவு (ஃபேன்டஸி) வரிசையின் முதல் இரண்டு நாவல்களைத் தமிழில் முழுமையாக மொழிபெயர்த்து முடித்து, மூன்றாவதின் பாதியில் நிறுத்தியவள் நான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உழைப்பு அது. அந்தப் பக்கங்கள் இன்றுவரை அச்சாகவில்லை, இப்போதைக்கு அச்சாகும் வழியும் இல்லை. என்னிடம் வேலையைக் கொடுத்த பதிப்பாளர், அந்த நாவல்களைத் தமிழில் வெளியிடும் உரிமையை வாங்கியிருக்கவே இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கும் ஒருவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அருகில் ஆள் கிடையாது. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அண்மையில் என்னிடம் படித்த ஒரு பெண், தனக்கும் ஓர் ஆங்கில ஃபேன்டஸி நாவலை மொழிபெயர்க்கும் வாய்ப்பு வந்திருப்பதாகவும், உரிமையெல்லாம் பதிப்பகமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டதாகவும் மகிழ்ச்சியோடு தொலைபேசியில் சொன்னாள். அன்று அவளிடம் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கிறது. நான் ஆங்கிலம் படித்துவிட்டு வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள். கொரோனா ஓய்ந்த பிறகு ராமநாதபுரத்தில் நடந்த ஒரு புத்தகக் கண்காட்சியில், வெளியூரிலிருந்து கடை போட்டிருந்த ஒரு பதிப்பாளரோடு பேச்சுக் கொடுக்க நேர்ந்தது. தமிழில் மிகுபுனைவு நாவல்களுக்குப் புதிய தலைமுறை வாசகர்கள் வந்துவிட்டார்கள் என்றும், உலக அளவில் பேசப்பட்ட ஒரு வரிசையை முழுமையாகக் கொண்டுவரப் போவதாகவும் சொன்னார். எர்த்சீ என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த முதல் பாகத்தை நான் படித்திருந்தேன். உரிமை இருக்கிறதா என்று அப்போதே கேட்டேன். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சு டீச்சர், மெயில் இருக்கு" என்றார். பக்கத்துக்கு 150 ரூபாய், முன்பணம் 10,000 ரூபாய், மீதி நூல் வெளிவரும்போது என்று பேச்சு முடிந்தது. முன்பணம் மறுவாரமே வந்துவிட்டது. பணம் சொன்னபடி வந்ததால், மெயிலை அனுப்புங்கள் என்று மறுபடி கேட்கத் தோன்றாத மனநிலை எனக்கு உண்டானது. இந்தத் தொழிலில் இப்படி ஏமாற்றுபவர்கள் முன்பணத்தைச் சரியாகக் கொடுத்துவிடுவார்கள் என்பதைப் பின்னாளில் வேறு சில மொழிபெயர்ப்பாளர்களிடம் பேசியபோது அறிந்தேன்.

வேலையின் பெரும்பகுதி இன்பமாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மொழிபெயர்க்கும் எழுத்தாளரின் வாழ்க்கையை அறியாமல் அவருடைய வாக்கியங்களைத் தொடக்கூடாது என்பது என் கொள்கை. ஆகவே கிடைத்ததையெல்லாம் படித்தேன். லெ குவின் 1929இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தவர். தந்தை ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலாளர், தாய் தியோடோரா எழுத்தாளர். பழங்குடி மக்களின் கதைகளும் வழக்கங்களும் நாள்தோறும் பேசப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண், பிற்காலத்தில் தீவுக்குத் தீவு தனித்தனிச் சடங்கும் பாட்டும் கொண்ட ஓர் உலகத்தைப் படைத்ததில் வியப்பில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர அவருக்கு நெடுங்காலம் பிடித்தது. 1950களில் எழுதிய நாவல்கள் பல ஆண்டுகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. 1962இல்தான் ஓர் இதழ் அவருடைய சிறுகதையைப் பணம் கொடுத்து வாங்கியது. 1964இல் மந்திரவாதிகளும் தீவுகளும் வரும் இரண்டு சிறுகதைகள் வெளியாயின. பிறகு பெர்க்லியில் இருந்த பார்னசஸ் என்னும் சிறு பதிப்பகத்தார், வளரிளம் வாசகர்களுக்காக ஒரு நூல் எழுதித் தரக் கேட்டதன் பேரில், முதலில் தீவுகளின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு அதன் மேல் கதையை எழுதினார். 1968இல் வெளியான 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' அதுதான். அடுத்த இரண்டு நாவல்கள் 1972க்குள் வந்துவிட்டன. அதற்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு, 1990இல் 'டெஹானு' வந்தது. முன்னைய நாவல்களில் ஆண்களின் மந்திரக் கல்வியாக இருந்த உலகத்தை, கணவனை இழந்த நடுவயதுப் பெண் ஒருத்தியின் அடுப்படியிலிருந்து பார்க்க வைத்த நூல் அது. பரிசு பெற்ற மூன்றாம் நாவலைவிட எனக்கு இதுவே உயர்ந்ததாகப் படுகிறது. 2001இல் ஒரு சிறுகதைத் தொகுப்பும் ஒரு நாவலும் சேர, வரிசை ஆறு நூல்களாக நிறைவுற்றது.

எங்கள் கரையில் இருந்துகொண்டு இந்த நாவலைப் படிப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கணக்கில் உள்ளன. முள்ளி, தலையாரி, அப்பாத் தீவு என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பெயர்கள் அவை. இப்போது வனத்துறையின் அனுமதியின்றி எவரும் அங்கே இறங்க முடியாது. எர்த்சீயின் ஆதிக் கதையில் தீவுகள் கடலிலிருந்து எழுப்பப்படுகின்றன. எங்கள் பக்கத்திலோ பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் கடலுக்குள் போய்விட்டன. நாயகன் சிறு படகில் தன்னந்தனியாகக் கடலோடும் அத்தியாயங்களை, சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவர் வீட்டில்தான் இருப்பார். இளவயதில் பாய் வைத்த வல்லத்தில் கடலுக்குப் போனவர். காற்று எதிரே வீசும்போது பாயை எப்படித் திருப்புவது, படகின் முன்பக்கமான அணியத்தில் அலை ஏறினால் சுக்கான் பிடித்திருப்பவன் என்ன செய்வான் என்பதையெல்லாம் விளக்கிவிட்டு, "இந்தப் பையன் வாடைக்காத்துல இப்படிப் போனா திரும்பி வர மாட்டான்த்தா, எழுதுனவங்களுக்குக் கடல் தெரியுமா?" என்று கேட்டார். மந்திரத்தால் காற்றை வரவழைத்துக்கொள்கிறான் என்று சொன்னதும், "அப்ப சரி" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

முதல் உறுத்தல் அட்டைப்படத்தில் வந்தது. பதிப்பாளர் அனுப்பிய மாதிரியில், கோட்டை ஒன்றின் முன்னே பொன்னிற முடியும் வெளுத்த முகமும் கொண்ட சிறுவன் கோலோடு நின்றான். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்றும், அவனுடைய உயிர்த்தோழன் கறுத்தவன் என்றும் நாவல் தெளிவாகச் சொல்கிறது. வெள்ளை நாயகர்களே நிறைந்திருந்த ஒரு வகை இலக்கியத்தில் லெ குவின் அதை வேண்டுமென்றே செய்தார். அட்டைகளில் தன் பாத்திரங்கள் வெளுக்கப்படுவதை எதிர்த்து அவர் பல ஆண்டுகள் பதிப்பாளர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று எர்த்சீயைக் குறுந்தொடராக எடுத்தபோதும் நாயகனுக்கு வெள்ளை நடிகரையே போட்டது. ஆலோசகர் என்று பெயரளவில் தன்னை வைத்துக்கொண்டு எதையும் கேட்கவில்லை என்பதை அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். இதையெல்லாம் விளக்கி நான் நீண்ட கடிதம் அனுப்பினேன். நம் ஊர்ப் பிள்ளைகளின் நிறத்தில் ஒரு நாயகன் கிடைத்திருக்கும்போது அவனை ஏன் வெளுக்க வேண்டும் என்பது என் கேள்வி. வெள்ளை முகம்தான் விற்கும் என்று பதில் வந்தது. வெளிநாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்பு ஒப்பந்தங்களில் அட்டையை உரிமையாளருக்குக் காட்டி ஒப்புதல் பெறும் நிபந்தனை பெரும்பாலும் இருக்கும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அட்டையைப் பற்றி எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவர் போல ஒரு பதிப்பாளர் பேசினால், அவருக்கு மேலே உரிமையாளர் என்று ஒருவர் இல்லை என்பதற்கு அதுவே ஓர் அடையாளமாக இருக்கலாம்.

உண்மை வெளிப்பட்டது வரைபடத்தால். நூலில் உள்ள தீவுகளின் வரைபடத்தைத் தமிழ்ப் பெயர்களோடு புதிதாக வரையலாமா என்று கேட்டால், முடிவு செய்ய முடியாமல் பதிப்பாளர் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தார். நானே கேட்டுவிடலாம் என்று உரிமை விஷயங்களைக் கவனிக்கும் முகவரின் முகவரியைத் தேடி எடுத்து, பதிப்பகத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினேன். சுருக்கமான, மரியாதையான பதில் வந்தது. அந்தப் பதிப்பகத்தோடு தங்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை என்பதே அதன் சாரம். அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. கோபத்தைவிட வெட்கமே மிகுந்திருந்தது. ஊரில் எல்லோரிடமும் நூல் வரப்போகிறது என்று அம்மா சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் பதிப்பாளரை அழைத்தேன். அவர் சொன்ன 'மெயில்', உரிமை கிடைக்குமா என்று அவர் அனுப்பிய விசாரிப்புக் கடிதம் மட்டுமே என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பதில் வந்ததா என்ற கேள்விக்கு விடையே இல்லை. லெ குவின் அம்மாள் 2018இலேயே காலமாகிவிட்டார், அமெரிக்காவிலிருந்து யார் வந்து 500 பிரதிகளைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். பாத்திரங்களின் பெயர்களை மாற்றித் தழுவல் என்று போட்டுவிடலாம், வேண்டுமானால் ஆசிரியர் என்றே என் பெயரைப் போடலாம் என்று இன்னொரு யோசனையும் சொன்னார். நான் மறுத்ததும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். பிறகு அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். இதில் நான் இழந்ததைக் கணக்கிட்டால், இரவு வேலைக்காக நிறுத்திய டியூஷன் வகுப்புகளின் வருமானம் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். மெய்ப்பு பார்த்தவருக்கு என் கையிலிருந்து கொடுத்தது 9,000 ரூபாய். மதுரையில் ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்க 3,000 ரூபாய். எதிர்பார்த்திருந்த 75,000 ரூபாயில் கைக்கு வந்தது அந்த 10,000 மட்டுமே. அந்தத் தொகையைத் திருப்பித் தரத் தேவையில்லை, செய்த வேலைக்கான கூலி அது என்று வழக்கறிஞர் சொன்னது ஓர் ஆறுதல்.

அவரிடம் கற்றதையும் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஓர் இலக்கியப் படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையே அதன் உரிமையாளருக்குச் சொந்தமானது. தழுவல் என்று பெயர் மாற்றினால் தப்பிக்கலாம் என்பது வெறும் பேச்சு, ஏனெனில் தழுவும் உரிமையும் அதே பிரிவில் அவருக்கே இருக்கிறது. எழுத்தாளர் இறந்தால் உரிமை இறந்துவிடாது. இந்தியாவில் அது அவர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. முகவரின் பதில் கையில் இருந்த பிறகு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆகையால் ஒரு பதிப்பாளர் உங்களிடம் வரும்போது, உரிமையாளரோ முகவரோ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். தொகை எழுதிய வரிகளை மறைத்துவிட்டுக் காட்டினாலும் போதும். அதில் நூலின் பெயர், தமிழ் என்ற மொழி, எந்தெந்த நாடுகளில் விற்கலாம், எத்தனை ஆண்டுகளுக்கு என்பவை இருக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும், அதையும் பாருங்கள். நீங்கள் தாமதித்தால் என்ன ஆகும் என்பது அதில்தான் தெரியும். நகலைக் காட்டத் தயங்கினால், ஆங்கில நூலின் உரிமைப் பக்கத்தில் உள்ள பெயரைக் கொண்டு நீங்களே முகவரைத் தேடி எழுதலாம். பெரும்பாலான புகழ்பெற்ற நாவலாசிரியர்களுக்கு அதிகாரபூர்வ இணையதளம் இருக்கிறது, உரிமை பற்றி எங்கே எழுத வேண்டும் என்பது அதில் கிடைக்கும். நான்கு வரிக் கடிதம் போதும்: இன்ன நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு உரிமை இன்ன பதிப்பகத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, இல்லையென்றால் அது காலியாக இருக்கிறதா? வேலை தொடங்கும் முன் அதை எழுதுங்கள்.

உங்களுக்கும் பதிப்பகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் இதிலிருந்து வேறானது. முறையான அனுமதியோடு செய்த மொழிபெயர்ப்பில் உங்களுக்கென்று தனிக் காப்புரிமை உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. எனக்குக் கடைசிக் கட்டத்தில் அனுப்பப்பட்ட வரைவில், எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும் பதிப்பகத்துக்கே என்று ஒற்றை வரி இருந்தது. 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுமே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒலிநூல், மின்னூல் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இவற்றைவிட முக்கியமானது பணம் வரும் முறை. நூல் வெளிவரும்போது மீதி என்ற நிபந்தனைக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனெனில் நூல் வெளிவருவது உங்கள் கையில் இல்லை. மூன்றில் ஒரு பங்கு தொடக்கத்தில், ஒரு பங்கு பாதியில், மீதி கைப்பிரதியை ஒப்படைக்கும்போது என்று கேட்கலாம். பதிப்பகத்தின் காரணத்தால் நூல் நின்றுபோனாலும் அதுவரை செய்த பக்கங்களுக்கு முழுத்தொகை என்று ஒரு வரி சேருங்கள். அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயரும் எழுத்தில் வேண்டும்.

இவ்வளவு அலைச்சலும் வேண்டாம், மிகுபுனைவை மொழிபெயர்த்துப் பழக வேண்டும் என்பவர்களுக்கு, உரிமைக் காலம் முடிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டால்கீனுக்கும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த மிகுபுனைவு எழுத்தாளர் லார்ட் டன்சனி 1957இல் காலமானார், ஆகவே அவர் வாழ்நாளில் வெளியான நூல்களுக்கு இந்தியாவில் 2017 முடிவோடு காலம் தீர்ந்துவிட்டது. நார்னியா கதைகளை எழுதி 1963இல் காலமான சி. எஸ். லூயிஸுக்கு 2023 முடிவோடு தீர்ந்தது. டால்கீன் 1973இல் மறைந்ததால் அவருக்கு 2033 முடியும்வரை காத்திருக்க வேண்டும். நம் கரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. நம் பதிப்பாளர்கள் பலருக்கு யாழ்ப்பாணமும் கொழும்பும் நல்ல சந்தை. ஆனால் இலங்கைச் சட்டத்தில் இந்தக் காலம் 60 ஆண்டுகள் அன்று, 70 ஆண்டுகள். இங்கே சுதந்திரமாக அச்சிடும் லூயிஸை அங்கே கொண்டுபோய் விற்றால் அது மீறலாகிவிடும். பாக் நீரிணைக்கு இக்கரையில் ஒரு சட்டம், அக்கரையில் ஒரு சட்டம்.

இவ்வளவுக்குப் பிறகு லெ குவினின் வாழ்க்கையில் நான் முன்பு ஓட்டமாகப் படித்துக் கடந்த ஒரு பகுதியை மறுபடி படித்தேன். கூகுள் நிறுவனம் எழுத்தாளர்களின் அனுமதியின்றி நூலகங்களில் இருந்த நூல்களைப் பெருமளவில் ஒளிவருடியபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அந்நிறுவனத்தோடு சமரசத்துக்குப் போனது. அதை ஏற்காமல் 2009இல் அந்தச் சங்கத்திலிருந்தே விலகியவர் அவர். முதலில் கேள், பிறகு எடு என்பதே அவருடைய நிலைப்பாடு. அந்தச் சமரசத்தை 2011இல் நீதிமன்றமும் ஏற்க மறுத்தது. சங்கத்திலிருந்து விலகியபோது அவருக்கு வயது எண்பதைத் தொட்டிருந்தது. அவருடைய நூலையே கேட்காமல் அச்சிட நினைத்த ஒருவரிடம் நான் போய்ச் சிக்கியிருந்தேன் என்பதை எண்ணிச் சிரிக்கவும் முடிந்தது.

இப்போதைய நிலை இதுதான். தனி நபருக்கு உரிமை கொடுப்பது வழக்கம் இல்லை, நூலை வெளியிடும் பதிப்பகமே கேட்க வேண்டும். அதற்காக இன்னொரு பதிப்பகத்தை அணுகினேன். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி, பதிப்பாளர்கள் உரிமைகளை வாங்கவும் விற்கவும் கூடுவதற்காகவே நடத்தப்படுவது என்பதால், அங்கே போய் வந்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். முதல் நூலுக்கு மட்டும், எத்தனை பிரதிகள், என்ன விலை, எவ்வளவு முன்பணம், விற்பனையில் எத்தனை விழுக்காடு உரிமைத்தொகை, எந்த மாதத்துக்குள் வெளியீடு என்பதைக் குறித்து அவர்கள் முகவருக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. வரும்வரை மூன்றாம் நாவலின் மீதிப் பாதியைத் தொடப்போவதில்லை. டியூஷனை மறுபடி தொடங்கிவிட்டேன், இரவில் டன்சனியின் சிறுகதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கதைகளில் கடல் குறைவு என்பது சித்தப்பாவின் குறை.